பூஜ்யம் எடுத்தவர் பெயரும் தாளில் உண்டு

(நம் சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழாப் பரிசளிப்பில், பிளாக்குகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிக்கு ஸ்கோர் எழுதிய சி பிளாக் வாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். விழாவுக்கு வர முடியாத பலரும் கேட்டதால் முழுவதுமாக வெளியிடுகிறோம். – செய்திமடல் குழு)



முன் வரிசையில் குழந்தைகள் பரிசுக்காகக் காத்திருக்கிறார்கள். பின்னால் டிபன் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி முடிந்ததும் ஒரு பையன் என் மேஜைக்கு வந்தான். பன்னிரண்டு வயதிருக்கும். பெயர் சொல்ல மாட்டேன். "அங்கிள், என் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டான். தாளைத் திருப்பிக் காட்டினேன். புள்ளிகள்: 0. ஃபவுல்: 2. அவ்வளவுதான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு இந்த வாரம் முழுக்க மாலை நேரத்தில் அவனைக் கோர்ட் பக்கம் பார்க்கவில்லை.

அன்று அவன் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இந்தப் பேச்சு அந்தப் பதில்தான். அதைச் சொல்ல ஒரு பழைய ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்று ஒரு சிறிய ஊர். சாக்லேட்டுக்குப் பேர் போன ஊர். 1962 மார்ச் 2 அன்று அங்கே என்.பி.ஏ. ஆட்டம் ஒன்று நடந்தது. பிலடெல்பியா வாரியர்ஸ் ஒரு பக்கம், நியூயார்க் நிக்ஸ் மறு பக்கம். நம் பசங்கள் எப்போதும் 'கரி, கரி' என்கிறார்களே, அந்த ஸ்டெஃப் கரி ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இதே அணிதான். அன்றைக்குப் பிலடெல்பியாவில் இருந்தது. ரசிகர்களைப் பிடிப்பதற்காகச் சில ஆட்டங்களை மட்டும் ஹெர்ஷியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று வந்த கூட்டம் 4,124 பேர்.

டிவியில் காட்டவில்லை. அந்த ஆட்டத்தின் படச்சுருள் எதுவும் இல்லை. ஆனால் அன்று வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லேன், ஏழு அடி ஓர் அங்குலம் உயரம், ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். இன்று வரை என்.பி.ஏ.வில் அதை யாரும் தாண்டவில்லை. கோபி பிரயன்ட் 2006இல் 81 எடுத்தபோது உலகமே பேசியது. இது நூறு.

படமே இல்லாத ஆட்டத்தில் நூறு எடுத்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்? மேஜையில் உட்கார்ந்து ஒருவர் எழுதினார். அதனால் தெரியும்.

வாரியர்ஸ் அணியின் விளம்பர அதிகாரியும் புள்ளிவிவரக்காரருமாக இருந்தவர் ஹார்வி போலாக். அன்று இரவு கணக்கு எழுதியதோடு, செய்தி நிறுவனங்களுக்கும் ஒரு நாளிதழுக்கும் செய்தி அனுப்பியவரும் அவரே. ஆட்டம் முடிந்ததும் ஒரு காகிதத்தில் '100' என்று எழுதிச் சேம்பர்லேன் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதைத் தவிர வானொலி வர்ணனை இருக்கிறது. அன்று இரவு மறுஒலிபரப்பைக் கேட்ட ஒரு கல்லூரி மாணவர் நான்காவது குவார்ட்டரை டேப்பில் பதிவு செய்துவைத்தார். அந்த ஒலிப்பதிவை இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஒரு தாள், ஒரு புகைப்படம், ஒரு டேப். சாட்சி அவ்வளவுதான். அதில் முழு ஆட்டத்தையும் சொல்வது தாள் மட்டும்தான். இப்போது அந்தத் தாளைப் படிக்கலாம். திரையில் பாருங்கள். வாரியர்ஸ் பக்கம் மட்டும் போட்டிருக்கிறேன். முதலில் கூடையில் விழுந்த ஷாட், அடுத்து முயன்ற ஷாட். ஃப்ரீ த்ரோவுக்கும் அதே வரிசை. கடைசியில் மொத்தப் புள்ளி.

சேம்பர்லேன்: ஷாட் 36–63, ஃப்ரீ த்ரோ 28–32, புள்ளி 100
ஆட்டில்ஸ்: ஷாட் 8–8, ஃப்ரீ த்ரோ 1–1, புள்ளி 17
அரிசின்: ஷாட் 7–18, ஃப்ரீ த்ரோ 2–2, புள்ளி 16
மெஷெரி: ஷாட் 7–12, ஃப்ரீ த்ரோ 2–2, புள்ளி 16
ராட்ஜர்ஸ்: ஷாட் 1–4, ஃப்ரீ த்ரோ 9–12, புள்ளி 11
லரீஸ்: ஷாட் 4–5, ஃப்ரீ த்ரோ 1–1, புள்ளி 9
கான்லின்: ஷாட் 0–4, புள்ளி 0
ரக்லிக்: ஷாட் 0–1, ஃப்ரீ த்ரோ 0–2, புள்ளி 0
லக்கன்பில்: ஷாட் 0–0, புள்ளி 0
அணி மொத்தம்: ஷாட் 63–115, ஃப்ரீ த்ரோ 43–52, புள்ளி 169

நிக்ஸ் எடுத்தது 147. ஸ்கோர் 169–147.

கணக்கு வாத்தியார் வீட்டில் பிறந்தவன் நான். தாள் கையில் கிடைத்தால் முதலில் கூட்டிப் பார்ப்பேன். அன்றைக்கு மூன்று புள்ளி ஷாட் கிடையாது. என்.பி.ஏ.வில் அது 1979–80 சீசனில்தான் வந்தது. ஆகவே விழுந்த ஒவ்வொரு ஷாட்டும் இரண்டு. 36 ஷாட்டுக்கு 72. ஃப்ரீ த்ரோ 28. மொத்தம் 100. அணிக்கும் அப்படியே: 63 ஷாட்டுக்கு 126, ஃப்ரீ த்ரோ 43, மொத்தம் 169. ஒன்பது பேரின் புள்ளியையும் மேலிருந்து கீழே கூட்டினாலும் 169. நல்ல ஸ்கோர் ஷீட்டுக்கு இதுதான் அடையாளம். குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் ஒரே விடை வர வேண்டும். நம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கை மாதிரி. பொருளாளர் சிரிக்கிறார். நான் நல்லபடியாகத்தான் சொன்னேன்.

இப்போது வரி வரியாகப் பார்ப்போம். முதல் வரியில் எல்லோர் கண்ணும் 100இல் நிற்கும். என் கண் 28–32இல் நின்றது. சேம்பர்லேனுக்கு ஃப்ரீ த்ரோ வராது. அந்த சீசன் முழுக்கப் பத்துக்கு ஆறு போடுவதே பெரிய பாடு. அன்று 32க்கு 28. எப்படிப் போட்டார் தெரியுமா? இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து கீழ்க்கையாகத் தூக்கிப் போடுவது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்த சீசனில் அப்படித்தான் போட்டார். பிற்பாடு, அப்படிப் போடுவது கூச்சமாக இருந்தது என்று சொல்லி விட்டுவிட்டார். தன் சுயசரிதையில் அது தவறு என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். பந்து உள்ளே விழுந்தாலும் நாலு பேர் சிரிப்பார்களே என்று பலன் தந்த ஒரு வழியைக் கைவிட்டார். குழந்தைகளே, இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆட்டில்ஸ். எட்டுக்கு எட்டு. ஃப்ரீ த்ரோ ஒன்றுக்கு ஒன்று. அன்று அவர் குறி ஒன்றுகூடத் தவறவில்லை. வாழ்க்கையில் ஒருவருக்கு அப்படி ஒரு நாள் வருவதே அபூர்வம். அந்த நாளும் பக்கத்து ஆள் நூறு அடித்த நாளாகவா இருக்க வேண்டும்! அதன் பிறகு, 'நானும் வில்ட்டும் சேர்ந்து 117 எடுத்தோம்' என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இப்போது கை ராட்ஜர்ஸைப் பாருங்கள். நாலு தடவைதான் கூடையை நோக்கிப் போட்டார். ஒன்றுதான் விழுந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், 'இவர் எதுக்கு டீம்ல?' என்று கேட்டிருப்போம். ஆனால் தாளில் வலது பக்கம் இன்னொரு கட்டம் இருக்கிறது. அசிஸ்ட்: 20. அதாவது இவர் கொடுத்த பாஸை வாங்கி, வாங்கியவர் உடனே கூடையில் போட்டது 20 தடவை. அணி போட்டதே 63 கூடை. ஏறக்குறைய மூன்றில் ஒன்று இவர் கையிலிருந்து கிளம்பியிருக்கிறது.

ராட்ஜர்ஸுக்கு 12 ஃப்ரீ த்ரோ எப்படிக் கிடைத்தது என்பதும் ஒரு கதை. கடைசிக் குவார்ட்டரில், இவர் நூறு எடுக்கக் கூடாது என்று நிக்ஸ் முடிவு செய்துவிட்டது. பந்து சேம்பர்லேனிடம் போவதற்கு முன்பே மற்ற வாரியர்ஸ் ஆட்டக்காரர்களை ஃபவுல் செய்தார்கள். வாரியர்ஸும் சும்மா இருக்கவில்லை. பந்தைச் சீக்கிரம் திரும்ப வாங்குவதற்காக நிக்ஸ்காரர்களை ஃபவுல் செய்தார்கள். ஜெயிக்கிற அணி ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்துகிற அதிசயத்தை அன்று பார்க்க முடிந்தது. ஆட்டமாக அது அழகில்லை என்று அன்றைக்கே பலர் சொன்னார்கள். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. தாள் அதை மறைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஃப்ரீ த்ரோக் கட்டத்தில் அது தெரிகிறது.

இனி குவார்ட்டர் கணக்கு. சேம்பர்லேன் முதல் குவார்ட்டரில் 23, இரண்டாவதில் 18, மூன்றாவதில் 28, நான்காவதில் 31. 48 நிமிடமும் வெளியே உட்காரவே இல்லை. நிக்ஸ் பக்கம் ரிச்சி கெரின் 39, கிளீவ்லண்ட் பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. தோற்ற அணியில் மூன்று பேர் முப்பதைத் தாண்டியிருக்கிறார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் மறுநாள் பேப்பரில் அவர்கள் பெயர்தான் பெரிதாக வந்திருக்கும்.

சரி, இப்போது அடியில் இருக்கும் மூன்று பேரிடம் வருகிறேன். நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றித்தான். மூன்று பேருக்கும் புள்ளி 0.

ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது சேம்பர்லேன் 98இல் நிற்கிறார். பந்து வருகிறது. போடுகிறார், தவறுகிறது. தவறிய பந்தை டெட் லக்கன்பில் பிடித்துத் திரும்ப அவரிடமே கொடுக்கிறார். மறுபடி போடுகிறார், மறுபடி தவறுகிறது. மறுபடியும் லக்கன்பில்தான் பிடிக்கிறார். இந்தத் தடவை ஜோ ரக்லிக்கிடம் தருகிறார். ரக்லிக் உயரே தூக்கிச் சேம்பர்லேனுக்குக் கொடுக்கிறார். கூடை. நூறு. 46 விநாடி மீதம். கூட்டம் கோர்ட்டுக்குள் ஓடி வந்துவிட்டது.

அந்த நூறாவது புள்ளிக்குக் காரணமான இரண்டு பேரும் பூஜ்யம் எடுத்தவர்கள். ரக்லிக் தானே கூடையில் போட முயன்றிருக்கலாம். போட்டிருந்தால் அவர் பெயருக்கு நேராக 2 என்று வந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆனால் கூட்டம் சேம்பர்லேனைச் சூழ்ந்துகொண்டபோது ரக்லிக் வேறு ஒரு வேலை செய்தார். ஸ்கோர் எழுதும் மேஜைக்கு ஓடினார். தன் அசிஸ்ட்டை எழுதிவிட்டார்களா என்று பார்க்கத்தான்.

அதைப் படித்தபோது எனக்கு நம் பையன் ஞாபகம்தான் வந்தது. அவனும் அதற்காகத்தானே என் மேஜைக்கு வந்தான்? ரக்லிக் வந்தபோது அங்கே எழுத ஒரு கட்டம் இருந்தது. நம் பையன் வந்தபோது என் தாளில் அந்தக் கட்டம் இல்லை. புள்ளி, ஃபவுல் இரண்டுக்கும்தான் நான் கோடு போட்டிருந்தேன். அவன் கொடுத்த பாஸ்களில் எத்தனை கூடையாயின என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. நிறைய என்று தெரியும். கண்ணால் பார்த்தேன். ஆனால் எழுதவில்லை. தவறு அவன் பேரில் இல்லை. என் பேரில்.

எழுதாமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கும் இதே சேம்பர்லேன்தான் உதாரணம். எதிராளி போடும் பந்தைக் காற்றிலேயே தட்டிவிடுவதை பிளாக் என்கிறோம். அதில் அவரும் பாஸ்டன் அணியின் பில் ரஸலும்தான் அந்தக் காலத்துப் பெரும் புள்ளிகள். ஆனால் இரண்டு பேரும் மொத்தம் எத்தனை பிளாக் செய்தார்கள் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. என்.பி.ஏ. பிளாக்கையும், பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் கணக்கெடுக்க ஆரம்பித்ததே 1973–74 சீசனில்தான். அதற்குள் இருவரும் ஆடி முடித்துவிட்டார்கள். நூறு புள்ளி ஆட்டத்தின் தாளிலும் ரீபவுண்ட் 25, அசிஸ்ட் 2 என்று இருக்கிறது. பிளாக் என்று ஒரு கட்டமே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புள்ளிதான் எல்லாம் என்று நினைக்கும் பெற்றோருக்காக. அந்த 1961–62 சீசனில் சேம்பர்லேனின் சராசரி ஓர் ஆட்டத்துக்கு 50.4. யாரும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. ஆனால் அந்த வருடம் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. ரஸலுக்குப் போனது. அன்று அந்த விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்களே. ரஸலின் சராசரி 18.9தான். கூட ஆடினவர்களுக்கும் எதிர்த்து ஆடினவர்களுக்கும் தெரிந்த ஏதோ ஒன்று புள்ளிக் கட்டத்துக்கு வெளியே இருந்திருக்கிறது. சாம்பியன் பட்டமும் பாஸ்டனுக்கே போனது.

சேம்பர்லேன் முதல் முறையாகப் பட்டம் வென்றது 1967இல். அந்த சீசனில் அவர் சராசரி எவ்வளவு? 24.1. பாதிக்கும் குறைவு. ஆனால் அசிஸ்ட் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய எட்டு. அணி 81 ஆட்டத்தில் 68 ஜெயித்தது. அடுத்த சீசனில் லீக்கிலேயே மொத்தமாக அதிக அசிஸ்ட் கொடுத்தவர் யார் என்று பார்த்தால் அதுவும் சேம்பர்லேன். 702. நூறு அடித்த மனிதர், கொடுப்பதிலும் முதலிடம் வந்து காட்டினார். அந்தக் கட்டம் தாளில் இருந்ததால்தான் இதுவும் நமக்குத் தெரிகிறது.

ஆகவே செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று, அடுத்த போட்டியிலிருந்து நம் ஸ்கோர் ஷீட்டில் முயன்ற ஷாட், விழுந்த ஷாட், ஃப்ரீ த்ரோ, ரீபவுண்ட், அசிஸ்ட், ஃபவுல் எல்லாவற்றுக்கும் கட்டம் வேண்டும். தாளை நானே கோடு போட்டுத் தருகிறேன். செலவு ஜெராக்ஸ் காசுதான்.

இரண்டு, மேஜைக்கு ஆள் வேண்டும். தனி ஒருவனாக இதைச் செய்ய முடியாது. ஒருவர் ஆட்டத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் கடிகாரம் பார்க்க வேண்டும். கூடைப்பந்து ஆடியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கண்ணும் பொறுமையும் போதும். வாக்கிங் முடிந்து பெஞ்சில் உட்காரும் பெரியவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். ஹார்வி போலாக் 1946இல் இந்த வேலையை ஆரம்பித்தார். தொண்ணூறு வயது தாண்டிய பிறகும் பிலடெல்பியா அணிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வயது ஒரு தடையில்லை.

மூன்று, நம் செய்திமடலில் ஜெயித்த அணியின் படத்தையும் அதிகப் புள்ளி எடுத்தவரின் பெயரையும் மட்டும் போடாமல் முழுப் பட்டியலையும் போட வேண்டும். பூஜ்யம் எடுத்தவர்கள் பெயரோடு. அதிகப் புள்ளிக்குக் கோப்பை இருக்கட்டும். பக்கத்தில் அதிக அசிஸ்ட்டுக்கும் ஒரு சின்னக் கோப்பை இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வார்த்தை. குழந்தை வியர்த்து விறுவிறுத்து லிஃப்டில் ஏறியதும், 'எத்தனை பாயின்ட் போட்டே?' என்று கேட்கிறோம். நானும் கேட்டவன்தான். 'யாருக்குப் பாஸ் கொடுத்தே?' என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும்.

கடைசியாக, அந்தப் பையனுக்கு. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய், பார்த்துவிட்டேன். அன்று என் தாளில் உனக்கு இடம் இல்லாமல் போனதற்கு மன்னித்துக்கொள். அடுத்த போட்டியில் உன் பெயருக்கு நேராக ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புவது உன் வேலை. விடாமல் எழுதுவது என் வேலை. நாளை சாயங்காலம் கோர்ட்டுக்கு வா.